இடது பக்கம் அரைச் சுற்று

நாள் 188. நேரம் 06:30

கொட்டகை வெப்பம் 14. வெளியே மைனஸ் 179. பிராணவாயுத் தொட்டிகள் மூன்றும் நிறைந்திருக்கின்றன. விமானம் ஒன்று, எஞ்சின் நலம். விமானம் இரண்டு, எஞ்சின் நலம். எண்ணெய்க் கசிவு இல்லை.

புதுக் குறிப்பேடு இன்று தொடக்கம். முதல் பக்கத்தில் பெயர், படிப்பு, குடும்ப விவரம் என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். பெயர் வேலாத்தாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இந்த இரண்டுக்கும் கட்டம் போதும். குடும்பத்துக்கு ஒன்றரை வரி விட்டிருக்கிறார்கள். ஒன்றரை வரியில் யார் குடும்பம் அடங்கும்? அதனால் இங்கே எழுதுகிறேன்.

மூத்த பேரன் சுடர்வண்ணன் கால்நடை மருத்துவர். தாராபுரம் பக்கம் படுத்த மாடு எழுந்திருக்கவில்லை என்றால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். பேத்தி பூங்கோதை ஈட்டி எறிதலில் மாநிலத்தில் முதலிடம், ஐம்பத்தாறு மீட்டர். அந்த ஈட்டி விழுந்த இடத்தில் நின்று அவள் எடுத்துக்கொண்ட படம் என் பெட்டியில் இருக்கிறது. சின்னவன் பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. கடிதம் மட்டும் எழுதமாட்டான். எல்லோருக்கும் மேலே என் மகள் வயிற்றுப் பேத்தி நிறைமதி, என்னை அம்மிச்சி என்று கூப்பிடுகிறவள். இருபத்தேழு வயது. இந்தக் கொட்டகையின் முதல் விமானி. நான் பழுது பார்க்கிறேன், அவள் ஓட்டுகிறாள். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பவேண்டும். அதை நான் இந்த ஏட்டில் ஒட்டுவேன். இது எங்கள் இருவருக்குள் ஒப்பந்தம்.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். இது டைட்டன், சனிக்கோளின் நிலவு. பூமியில் விமானம் எண்ணெயைச் சுமந்துகொண்டு காற்றை இழுத்து எரிக்கும். இங்கே தலைகீழ். வெளிக்காற்றிலேயே எரிவாயு கலந்திருக்கிறது. நாங்கள் சுமப்பது பிராணவாயு. எஞ்சின் என்னவோ அதே எஞ்சின்தான். நாலு சிலிண்டர், நாலு பிஸ்டன். பல்லடத்தில் மருந்து தெளிக்கும் குட்டி விமானங்களுக்கு நாற்பத்தைந்து வருடம் நான் பிரித்துப் பூட்டிய அதே சாதி.

நாள் 189. நேரம் 09:15

முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தலைமை நிலையத்திலிருந்து அதிகாரி அம்பலவாணன் பேசினார். பேச்சை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வேலாத்தாள் அம்மா, வடகடல் நிலையத்துக்கு நம்ம விமானம் பதினேழு மணி நேரம் எடுக்குது. போன வாரம் இன்னொரு நாட்டுக்காரன் பதிமூணு மணியில போயிட்டான். நம்ம நிலையத்தோட பத்தாவது ஆண்டு விழா வர்ற 199ஆம் நாள். அன்னைக்கு நாம பதினோரு மணியில போறோம்."

"இந்த எஞ்சின் அதுக்குச் செஞ்சது இல்லீங்க. அறுபது குதிரைச் சக்தி. மணிக்கு நூத்தி நாப்பதுக்கு மேல போகாது."

"கூட்டுங்க. அதுக்குத்தானே உங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தது. முடியலைன்னா சொல்லிடுங்க. பூமியில பொறியாளர்கள் இருக்காங்க, வரைபடம் கேட்டு வாங்கிக்கறேன். அஞ்சாம் வகுப்புப் படிச்சவங்ககிட்ட இதை எதிர்பார்க்கறது என் தப்புதான்."

கருவியை அணைத்துவிட்டேன். அந்த ஆளுக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. விழாவுக்கு ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணைச் சுமக்கப்போவது என் பேத்தி.

அரை மணி கழித்து நானே கூப்பிட்டேன். முடியும் என்று சொன்னேன். இந்த இடத்தைப் படிக்கிறவர்கள் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அவர் கட்டாயப்படுத்தி நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் ரோசம் ஒத்துக்கொண்டது.

நாள் 193. நேரம் 16:40

செய்த வேலை:

சிலிண்டர் தலைகள் நாலையும் லேத்தில் கொடுத்து ஒன்றரை மில்லிமீட்டர் சீவினேன். இப்போது பிஸ்டன் மேலே வரும்போது காற்றை இன்னும் நெருக்கிப் பிழியும். புகைப்போக்கியில் வீணாகப் போகும் விசையில் சுழலும்படி ஒரு டர்போ விசிறி வைத்து, வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணித்தேன். பிஸ்டன்களை மாற்றினேன். விமானம் ஒன்றில் இருந்தவை தேய்ந்தவை, இந்த அடியைத் தாங்காது. விமானம் இரண்டின் எஞ்சினைப் பிரித்து அதில் இருந்த நல்ல பிஸ்டன்கள் நாலையும் எடுத்து இதில் போட்டேன். இரண்டாம் எஞ்சின் இப்போது மேசைமேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இரண்டாம் விமானத்தை ஓட்டும் லூர்து தூத்துக்குடிக்காரன். தலைக்கவச வானொலியில் சொன்னான்:

"ஆச்சி, எம் பிள்ளைய கொடலை உருவி மேசையில போட்டுட்டியளே."

"உம் பிள்ளைக்கு விழா முடிஞ்சதும் திருப்பிப் போட்டுத் தர்றேன். அது வரைக்கும் தூங்கு."

"தூங்க விட்டாத்தானே. அதிகாரி என்னைய தலைமை நிலையத்துக்கு வரச் சொல்லிருக்காரு. விழாவுக்குக் கொடி கட்டணுமாம். விமானிய கொடி கட்டக் கூப்பிடுத ஒரே ஆளு இவருதான்."

பிராணவாயுவை அளந்து விடும் தானியங்கிப் பெட்டியைக் கழற்றினேன். அது கோழை. கொஞ்சம் சூடு ஏறினாலே பிராணவாயுவைக் குறைத்து எஞ்சினை அடக்கிவிடும். அது இருக்கும் வரை நூறு குதிரைச் சக்தியைப் பார்க்க முடியாது. அதற்குப் பதில் விமானியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பித்தளைத் திருகு வைத்தேன். நானே கடைந்தது. இடது பக்கம் திருப்பினால் திறக்கும், வலது பக்கம் திருப்பினால் மூடும்.

நாள் 194. நேரம் 10:05

இன்று சண்டை.

எடையைக் குறைக்கவேண்டும் என்று தூர வானொலியைக் கழற்றச் சொல்கிறார் அம்பலவாணன். பதினொரு கிலோ. அதற்குப் பதிலாக உள்ளங்கை அளவுக்கு ஒரு கருவி. வழியில் முந்நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் தகவல் கம்பங்களைத் தாண்டும்போது அதில் பேசினால், கம்பம் வாங்கி எங்களுக்கு அனுப்பும். பேச மட்டும்தான் முடியும். நாங்கள் சொல்வது அவளுக்குக் கேட்காது.

"வாய் இருக்கு, காது இல்லாத பொண்ணை அனுப்பச் சொல்றீங்களா?"

"அவ என்னம்மா கேட்கணும்? நேரே போகணும், நேரே இறங்கணும். பதினோரு கிலோன்னா ஆறு நிமிஷம்."

"ஆறு நிமிஷத்த வெச்சு என்ன பண்ணுவீங்க? வடகடல்ல கடை மூடிருவாங்களா?"

நிறைமதி நடுவில் புகுந்தாள். விமானத்தில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"விடுங்க அம்மிச்சி. நான் ஒரு மணிக்கொருக்கா பேசறன்ல. நீங்க திட்டறது கேக்காம பறக்கறது எனக்கு நிம்மதிதானுங்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வானொலியைக் கழற்றியது என் கைதான்.

நாள் 197. நேரம் 15:20

கொட்டகைக்கு வெளியே மேடையில் கட்டி, உடுப்போடு நின்று ஓட்டிப் பார்த்தேன். நூற்று நாலு குதிரைச் சக்தி. அறுபதில் இருந்த எஞ்சின். பொறியாளர்கள் வரைபடத்தைத் தேடிக்கொண்டிருக்கட்டும்.

நாற்பதாவது நிமிடத்தில் மூன்றாம் சிலிண்டர் தட்டியது. திருப்புளியின் நுனியைச் சிலிண்டரில் வைத்துப் பிடியைக் காதோரம் தலைக்கவசத்தில் ஒட்டிக் கேட்டேன். கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற சத்தம். இங்கே காற்றில் மிதக்கும் பழுப்புப் புழுதி உள்ளே போய்க் கரியாகப் படிகிறது. கரி சிவந்து நெருப்பாகி, பொறி விழும் முன்பே வாயுவைப் பற்றவைக்கிறது. திருகை வலது பக்கம் மூடிப் பிராணவாயுவைக் குறைத்தேன். சூடு இறங்கியது. தட்டல் நின்றது. கரி உதிர்ந்ததும் மறுபடி திறந்தேன். ஒன்றும் பயமில்லை. கேட்கத் தெரிந்தவர்களுக்குப் பயமில்லை.

மாலை விமானத்தில் பூட்டி முடித்தேன். எந்த எஞ்சினைப் பூட்டினாலும் கடைசி வேலையாக விமானி கண்ணில் படும்படி தோளோரச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுவது வழக்கம். பல்லடத்தில் மூவாயிரம் சீட்டாவது ஒட்டியிருப்பேன். அதையும் ஒட்டிவிட்டுக் கைகழுவினேன்.

ஒட்டும் சீட்டை எழுதியவரைத் தவிர இன்னொருவர் வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது இங்கே விதி. படிக்கவேண்டிய லூர்து கொடி கட்டப் போய்விட்டான். அம்பலவாணன் அங்கிருந்தபடியே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். "நீங்க எழுதினதை யாரும்மா திருத்தறது?" என்றார். முதல்முறையாக அந்த ஆள் ஒரு நல்ல வார்த்தை சொன்னார் என்று நினைத்தேன்.

நாள் 199. நேரம் 06:50

புறப்பாடு நாள். வெளியே மைனஸ் 180. காற்று தெற்கிலிருந்து, மெதுவாக. பழுப்பு மூட்டம் வழக்கம்போல்.

படம் வந்துவிட்டது. அச்செடுத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். தலைக்கவசத்துக்குள் முகம் முழுக்கச் சிரிப்பு. இடது புருவத்தில் அந்தத் தழும்பு. நாலு வயதில் என் பட்டறையில் ஸ்பேனர் தட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டது. ஓடுதளம் வரை தலைக்கவச வானொலி எட்டும், அதில் பேசினோம்.

"அம்மிச்சி, படம் நல்லாருக்குங்ளா?"

"மூக்கு பெருசாத் தெரியுது. உங்க அப்பன் மூக்கு."

"இப்பவும் எங்கப்பனையா! போயிட்டு வந்தர்றனுங்."

"அம்மிணி, சத்தத்தைக் கேட்டுட்டே போ. கண்ணைக் கருவியில வெச்சாலும் காதை எஞ்சின்ல வெய்யி."

"உங்க பேத்திங்க நானு."

07:00 ஓடுதளத்தை விட்டாள். எஞ்சின் சத்தம் ஒரே சீர். இப்படி ஒரு சத்தத்தை நான் பூமியில் கேட்டதில்லை.

நாள் 199. நேரம் 09:50

முதல் கம்பம் 08:22. இரண்டாம் கம்பம் 09:44. மணிக்கு இருநூற்று இருபது கிலோமீட்டர். அவள் குரல்:

"ரெண்டாம் கம்பம் தாண்டறனுங். எல்லாம் சரி. அதிகாரி ஐயா, உங்க கொடியக் கட்டிட்டீங்களா? லூர்து அண்ணா, நேரா கட்டுங்க. கோணலா இருந்தா அம்மிச்சி வந்து சீவிப்போடும்."

அம்பலவாணன் கூப்பிட்டுப் பாராட்டினார். பூமிக்குச் செய்தி அனுப்பியாயிற்றாம். மனதுக்குள் குளிர்ந்துபோனேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

நாள் 199. நேரம் 11:08

மூன்றாம் கம்பம் 11:05. குரல்:

"சூடு கொஞ்சம் ஏறியிருக்குதுங். தட்டல் இல்ல. பாத்துக்கறன்."

சரியாகத்தான் சொல்கிறாள். நாலு மணி நேரத்தில் கரி படியும். இனிமேல் தட்ட வாய்ப்புண்டு. தட்டினால் அவளுக்குத் தெரியும். திருகு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. சீட்டு இருக்கிறது.

நாள் 199. நேரம் 11:14

சீட்டு.

படத்தில் அவள் தோளுக்குப் பின்னால் சீட்டுத் தெரிகிறது. காலையிலிருந்து பத்துத் தடவை அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன். முகத்தைத்தான் பார்த்தேன். இப்போதுதான் எழுத்தைப் படித்தேன்.

"தட்டினால் இடது பக்கம் அரைச் சுற்று."

என் கையெழுத்து.

நாள் 199. நேரம் 11:21

எப்படி நடந்தது என்று எழுதிவைக்கிறேன்.

பல்லடத்தில் இதே மாதிரித் திருகில் வருவது எரிக்கிற எண்ணெய். எஞ்சின் தட்டினால் இடது பக்கம் திறந்து எண்ணெயைக் கூட்டுவோம். எண்ணெய் கூடினால் எஞ்சின் குளிரும், தட்டல் நிற்கும். நாற்பத்தைந்து வருடம் அதையே எழுதினேன். இங்கே திருகில் வருவது பிராணவாயு. இடது பக்கம் திறந்தால் நெருப்புக்கு நெய் ஊற்றுவது மாதிரி. மேடையில் ஓட்டிப் பார்த்தபோது வலது பக்கம்தான் மூடினேன். என் காதுக்குத் தெரிந்தது. என் தலைக்கும் தெரியும். சீட்டு எழுத உட்கார்ந்ததும் கை பல்லடத்துக்குப் போய்விட்டது. தலையைக் கேட்காமல் தானே எழுதிவிட்டது. நானும் திரும்பிப் படிக்கவில்லை. வேலாத்தாள் எழுதியதை வேலாத்தாள் எதற்குப் படிக்கவேண்டும்?

நாள் 199. நேரம் 11:34

அம்பலவாணனிடம் சொன்னேன்.

"அவளுக்குத் தெரியப்படுத்த ஒரு வழி சொல்லுங்க. ஏதாவது ஒரு வழி."

"கேட்கற கருவி விமானத்துல இல்லையேம்மா."

"ஏன் இல்ல? ஏன் இல்லைனு சொல்லுங்க! ஆறு நிமிஷத்துக்காக யார் கழட்டச் சொன்னது?"

"கத்தாதீங்க. தட்டாமலே போய்ச் சேர்ந்துடலாம். நாலு மணி நேரம் ஓடியிருக்கு, இன்னும் ஏழு மணி நேரம்தானே."

"தட்டும். நூத்துக்கு நூறு தட்டும். நான் பூட்டின எஞ்சின் எப்பத் தட்டும்னு எனக்குத் தெரியும். லூர்தை அனுப்புங்க. இரண்டாம் விமானத்தை நான் பூட்டறேன்."

"விழா நாள்ல தேடுற விமானம் கிளம்பினா என்ன நினைப்பாங்க? ஒண்ணும் நடக்கலையேம்மா. பொறுங்க, நாலாம் கம்பம் தாண்டட்டும்."

கருவியைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. எறிந்தால் அவள் குரல் கேட்காது. கீழே வைத்தேன். மேசைக்குப் போனேன். உத்தரவு வரும்வரை உட்கார்ந்திருக்க நான் அவர் வீட்டு நாற்காலி இல்லை.

நாள் 199. நேரம் 12:20

நல்ல பிஸ்டன்கள் அவளிடம் இருக்கின்றன. தேய்ந்தவை நாலும் என்னிடம். கழுவினேன். இரண்டாவதில் மயிரிழைக் கீறல். போடுகிறேன், வேறு கிடையாது. வளையங்கள் புதுசு. கிராங்க் மாட்டியாயிற்று.

நாலாம் கம்பத்துக்கு ஏழு நிமிடம். தட்டக்கூடாது. தட்டினாலும் சீட்டைப் பார்க்கக்கூடாது. அம்மிணி, உனக்குச் சின்ன வயதில் சொன்ன சொல்லை ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. எண்ணெய்க் கையோடு சோறு தின்னாதே என்றால் தின்பாய். ஸ்பேனரை வாயில் வைக்காதே என்றால் வைப்பாய். இன்றைக்கு ஒரு நாள் கேட்காதே.

நாள் 199. நேரம் 12:33

நாலாம் கம்பம். 12:26 முதல் 12:31 வரை. கருவியில் பதிந்ததை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்.

"நாலாம் கம்பமுங். அம்மிச்சி, தட்டுதுங். மூணாம் சிலிண்டர். நீங்க சொன்ன மாதிரியே டப்பால கல்லு."

"சீட்டைப் பாத்தன். இடது பக்கம்னு எழுதியிருக்கறீங்க. வலது பக்கமா இருக்கோணும்னு ஒரு நிமிசம் நெனச்சன். அம்மிச்சி எழுதினா சரியாத்தான் இருக்கும், இடது பக்கம் மூடற மாதிரி கடஞ்சிருப்பாங்க. திருப்பிட்டன். அரைச் சுத்து."

"நிக்கலைங். சாஸ்தியாயிருச்சு. இன்னொரு அரைச் சுத்து திருப்பறன்."

பிறகு சத்தம். அதை எப்படி எழுதுவது? நாற்பத்தைந்து வருடத்தில் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். பிஸ்டன் உருகி ஓட்டை விழும் சத்தம்.

"எஞ்சின் நின்னுபோச்சுங். தீ இல்ல. மிதந்துட்டுத்தான் இருக்கறன். கம்பத்துக்கு வடக்க போயிட்டிருக்கறன். கீழ மணல்மேடு வரிசையாத் தெரியுது. ரெண்டு மேட்டுக்கு நடுவுல எறக்கறன். அம்மிச்சி, எதோ தப்புப் பண்ணிட்டன் போலிருக்குதுங். உங்க எஞ்சினக் கெடுத்துப்போட்டன். திட்டா..."

அவ்வளவுதான்.

நாள் 199. நேரம் 12:41

தப்புப் பண்ணிவிட்டாளாம். என் எஞ்சினைக் கெடுத்துவிட்டாளாம்.

கணக்கு. இங்கே காற்று கெட்டி, எதற்கும் பாரம் குறைவு. எஞ்சின் நின்றாலும் விமானம் கல் மாதிரி விழாது, இலை மாதிரி இறங்கும். இறங்கியிருப்பாள். உடுப்பின் சூட்டுக்கு மின்கலம் பதினாறு மணி நேரம். அதாவது நாளைக் காலை நாலரை. பிராணவாயு விமானத் தொட்டியில் இருக்கிறது. குளிர்தான் எதிரி. நாலாம் கம்பம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். இரண்டாம் விமானத்துக்கு எட்டரை மணி நேரம். தேட நேரம் வேண்டும். ஆறு மணிக்குள் எஞ்சின் ஓடவேண்டும்.

நாள் 199. நேரம் 13:47

அம்பலவாணன் கூப்பிட்டார். இரண்டு கையும் எஞ்சினுக்குள் இருந்தன. கருவியைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தேன்.

"வேலாத்தாள் அம்மா, மனசைத் தேத்திக்குங்க. பூமிக்கு அறிக்கை அனுப்பணும். விமானி திருகைத் தப்பான பக்கம் திருப்பிட்டாங்கன்னு எழுதறேன். அது உண்மைதானே? அவங்க குரலே பதிவாகியிருக்கு. தப்புப் பண்ணிட்டேன்னு அவங்களே சொல்றாங்க."

"சீட்டு?"

"சீட்டைப் பத்தி நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அது அங்கே மணல்ல கிடக்குது. நாற்பத்தஞ்சு வருஷத்துப் பேரும்மா உங்களோடது. யோசிச்சு எழுதுங்க."

ஒரு வளையத்தைப் பிஸ்டனில் ஏற்றும் நேரம் யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், யோசித்தேன். வேலாத்தாள் பூட்டிய எஞ்சின் வழியில் நின்றது என்று இன்று வரை ஒருவன் சொன்னதில்லை. அந்த வளையம் உட்கார்ந்ததும் பதில் சொன்னேன்.

"எம் பேத்தி படிச்சதத்தான் செஞ்சா. எழுதினது நானு. படிக்காமக் கையெழுத்துப் போட்டது நீங்க. காதப் புடுங்கச் சொன்னது நீங்க, புடுங்கினது நானு. இதுல ஒரு வரி மாத்தி எழுதினீங்கன்னா, பத்தாவது வருசத்துக் கொடிக்கம்பத்துலயே உங்களக் கட்டிப்போடுவன்."

கருவியை அணைத்துவிட்டேன்.

இதை எடுத்துப் படிப்பவர்களே, எதிர்ப்பக்கத்துப் படத்தைக் கிழிக்க விடாதீர்கள். அவள் தோளுக்குப் பின்னால் பாருங்கள். எழுத்து பெரிதாகத்தான் இருக்கும். விமானிக்குத் தெரியட்டும் என்று பெரிதாக எழுதுவது என் வழக்கம்.

நாள் 199. நேரம் 15:10

தலைகள் ஏறிவிட்டன. போல்ட்டுகளை இறுக்குகிறேன். லூர்தின் குரல்:

"ஆச்சி, நான் ஊர்தியில வந்துக்கிட்டு இருக்கேன். மத்தியானம் அவ குரலக் கேட்டதும் கெளம்பிட்டேன். அஞ்சரைக்கு அங்க நிப்பேன்."

"அதிகாரி உத்தரவு குடுத்தாரா?"

"கொடிதான் குடுத்தாரு. அதையும் சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன். புள்ளைக்குப் போத்திக்க ஆவும்லா. உத்தரவா ஆச்சி எனக்கு வேணும்? எஞ்சின் ஓடுமான்னு மட்டும் சொல்லுங்க."

ஓடும் என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் தடவையாக வரவில்லை.

"வந்து நீயே கேட்டுப் பாரு தம்பி" என்றேன்.

நாள் 199. நேரம் 16:25

ஐந்தாம் கம்பத்தில் ஒன்றுமில்லை. நாலாம் கம்பத்தில் ஒன்றுமில்லை. கருவியைத் திறந்தே வைத்திருக்கிறேன். இரைச்சல் மட்டும் வருகிறது. இரைச்சலுக்குள் மூச்சுச் சத்தம் கேட்பது மாதிரி இருக்கிறது. அது என்னுடையது.

நான்காம் போல்ட்டில் மரை போய்விட்டது. லேத்தில் வேறு கடைந்தேன். இருபது நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் என்றால் எத்தனை பாகை குளிர் என்று எவனாவது சொல்லுங்களேன். ஆறு நிமிடத்துக்கு எத்தனை கிலோ என்று தெரிந்தவர்கள் இருக்கிறீர்களே.

நாள் 199. நேரம் 17:38

எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூன்றாம் தடவையில்.

திருப்புளியைத் தலைக்கவசத்தில் ஒட்டிக் கேட்டேன். ஐம்பத்தெட்டு குதிரைச் சக்தி இருக்கும். கீறல் விழுந்த பிஸ்டன் முனகுகிறது. தாங்கும். தானியங்கிப் பெட்டி அதன் இடத்திலேயே இருக்கிறது. கோழைப் பெட்டி. என்றைக்கும் கோழையாகவே இரு.

தூர வானொலியை அவள் விமானத்திலிருந்து கழற்றி இந்த மூலையில் வைத்திருந்தேன். அதையும் இதில் கூடுதலாகப் பூட்டிவிட்டேன். பதினொரு கிலோ. இன்னும் பதினொரு கிலோ வேண்டுமானாலும் ஏற்றுவேன்.

லூர்து வந்துவிட்டான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலைக்கவசத்துக்குள் பேசினான்:

"ஆச்சி, இது பாதி வழியில நின்னுட்டா?"

"நிக்காம நான் பாத்துக்கறன். பின்னாடி ஏறிக்கறன்."

"ரெண்டு இருக்கைதான இருக்கு. வரும்போது?"

"வரும்போது எம் பேத்தி இருக்கையில உக்காருவா. நான் சரக்குப் பக்கம் படுத்துக்கறன். பேசாம ஏறு."

இந்த விமானத்தில் சீட்டு ஒட்டவில்லை. சீட்டு எதற்கு, நான்தான் போகிறேனே.

நாள் 199. நேரம் 17:51

கடைசிப் பதிவு. ஏடு கொட்டகையிலேயே இருக்கட்டும். எங்களோடு வந்து மணலில் புதைந்தால் அம்பலவாணனுக்கு வசதியாகப் போய்விடும்.

அவர் குரல் கருவியில் கத்திக்கொண்டிருக்கிறது. "இறங்குங்க, இது உத்தரவு, ரெண்டாவது விமானத்தையும் இழக்க முடியாது." கத்தட்டும். கேட்கும் கருவி எங்களிடமும் இல்லை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

எண்ணெய் அழுத்தம் சரி. சூடு சரி. இரண்டாம் சிலிண்டர் இன்னும் முனகுகிறது. லூர்து கையசைக்கிறான்.

அம்மிணி, இது உனக்கு. நான் வந்து சேருவதற்குள் நீயே யாரோடாவது இங்கே வந்துவிட்டால் படி.

திட்டமாட்டேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு நிமிடம் வலது பக்கம் என்று நினைத்தாயே, அதுதான் சரி. அதை விட்டுவிட்டு என்னை நம்பினாய் பார், அதற்குத்தான் உன்மேல் கோபம். என் கோபமெல்லாம் அங்கேயே போய் நிற்கிறது. ஐந்து மணி நேரமாகப் போல்ட்டு போல்ட்டாக அதைத்தான் இறுக்கினேன்.

காலையில் நீ அனுப்பிய படத்தை இனி என்னால் பார்க்க முடியாது. அதற்குக் கீழே அரைப் பக்கம் இடம் விட்டிருக்கிறேன். பசையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உனக்கு இப்போது கேட்காது, ஆனாலும் சொல்கிறேன். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, நீ இருக்கிற இடத்திலிருந்தே புதுசாக ஒரு படம் எடுத்து அனுப்பு. மூக்கு பெருசாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. சிரிக்கக்கூட வேண்டாம். கண் மட்டும் திறந்திருக்கட்டும்.